அடுக்களையிற் கண்ட அமைதி

மனச்சாந்தியை விரும்பாதார் இல்லை. பெற்றோரோ மிகச் சிலர். பரீட்சை முடிந்தால் அமைதி வரும் என்று மாணவன் எண்ணுகின்றான். உத்தியோகம் கிடைத்தால் வரும் என்று இளைஞன் எண்ணுகின்றான். மகளைக் கரைசேர்த்தால் வரும் என்று தந்தை எண்ணுகின்றார். பரீட்சையும் முடிகின்றது, உத்தியோகமும் கிடைக்கின்றது, மகளும் மணமாகிப் போகின்றாள். ஆயினும் அமைதி மாத்திரம் இன்னும் ஒரு வாசலுக்கு அப்பாலே போய் நின்றுகொள்கின்றது. அப்படியாயின் அதனை எங்கே தேடுவது? 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் வாழ்ந்த சமையற்காரத் துறவி ஒருவரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

நிக்கொலாஸ் ஹேர்மன் என்பது அவரது இயற்பெயர். 1614ஆம் ஆண்டளவில் லொரேன் என்னும் பகுதியிலே பிறந்தவர். பதினெட்டாம் வயதிலே ஒரு குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து வெறுமையாய் நின்ற மரமொன்றைக் கண்டார். சில காலத்தில் இதுவும் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தபோது, கடவுளின் வல்லமையும் பராமரிப்பும் அவர் நெஞ்சிலே ஆழப் பதிந்தன. அப்பதிவு பின்னர் ஒருநாளும் அழியவில்லை.

ஆனால் வாழ்க்கை அவருக்கு எளிதாயிருக்கவில்லை. முப்பதாண்டுப் போரிலே போர்வீரராய்ச் சேர்ந்து காயமுற்றார், கால் ஊனமாயிற்று. பின்னர் செல்வர் ஒருவரிடம் ஏவலாளராயிருந்தார். கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் ஆள் நான் என்று தம்மைப் பற்றித் தாமே பிற்காலத்தில் கூறியிருக்கின்றார். 1640இல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்திலே சகோதரராகச் சேர்ந்து லோறன்ஸ் என்னும் பெயர் பெற்றார். மடத்தார் அவரை அடுக்களைக்கு அனுப்பினார்கள். சமையல் வேலையோ அவருக்கு இயல்பாகவே பிடிக்காதது. பதினைந்து ஆண்டுகள் அதனையே செய்தார்!

அதனினுங் கொடிய துன்பம் உள்ளத்திலே இருந்தது. தாம் நரகத்துக்கே உரியவர் என்னும் அச்சம் அவரை ஆண்டுக்கணக்காய் வாட்டியது. எவருடைய ஆறுதலும் அதனைத் தணிக்கவில்லை. முடிவிலே, இத்துன்பம் சாகும்வரை நீடிப்பினும் நீடிக்கட்டும். கடவுள்மீது கொண்ட அன்பின் பொருட்டே அனைத்தையும் செய்வேன் என்று துணிந்தார். அமைதியைக் கேட்டு மன்றாடுவதை விட்டு, அமைதியைத் தருபவரிடமே தம்மை ஒப்புக்கொடுத்தார். அதன்பின்பே சஞ்சலம் நீங்கியது. எதிர்பாராத அமைதி உள்ளத்தில் நிறைந்தது.

அவ்வமைதியை அவர் காத்துக்கொண்ட முறை மிக எளிது. வேலையைத் தொடங்குமுன், உமது சந்நிதியிலேயே நான் நிற்க அருள்தாரும் என்று வேண்டுவார். வேலைக்கிடையிலே நண்பனோடு பேசுவதுபோற் கடவுளோடு பேசுவார். முடிந்தபின் தம்மை ஆராய்வார். நன்றாய்ச் செய்திருந்தால் நன்றி கூறுவார். தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்பார். ஆனால் தவற்றை நினைந்து மனமுடைந்து உட்கார்ந்திருக்கமாட்டார். உடனே எழுந்து மீண்டும் தொடங்குவார். தாச்சியிலே முட்டையைப் புரட்டுவதும், நிலத்திற் கிடக்கும் துரும்பை எடுப்பதும் அன்பினாற் செய்யப்படின் வழிபாடே என்பது அவர் கொள்கை. செபவேளைக்கும் அடுக்களையின் ஆரவாரத்துக்கும் இடையில் அவர் வேற்றுமை காணவில்லை.

போதுமென்ற மனம் என்பது சோம்பலன்று. மடத்துக்கு வைன் வாங்கி வரும்படி பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, ஊன்றி நடக்கமாட்டாத அவர், படகிலே பீப்பாக்களின்மேல் உருண்டு உருண்டே தம் கடமையை முடித்தார். முதுமையிலே மடத்தாருக்குப் பாதணி தைத்தார். 1691 பெப்ரவரி 12இல் இறந்தார். அவருடன் உரையாடிய ஜோசப் டீ போபோர் என்னும் குருவானவர் அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்கர் மாத்திரமன்றி, மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லியும் அவற்றைப் போற்றித் தம் நூற்றொகுதியிலே சேர்த்துக்கொண்டார்.

மனநிறைவு பிறவியிலே வருவதன்று, கற்றுக்கொள்ளப்படுவது என்பதைப் பவுலடிகளும் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலே உணர்த்துகின்றார். சிறைக்கூடத்திலே கற்கக்கூடியதை நம் வீட்டிலே கற்கலாகாதா? தேங்காய் துருவும் தாயும், பாடத்தைப் பிரிக்கும் மாணவனும், கந்தோருக்குப் புறப்படும் தந்தையும் தொடங்குமுன் ஒரு கணம் கண்மூடிக் கடவுளை நினைக்கலாம். மாலையிலே குடும்பமாய்க் கூடிச் செபிக்கும்போது, அன்றைய நன்மைக்கு நன்றி கூறித் தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கலாம். அதனாலே கடனும் நோயும் அன்றிரவே மறைந்துவிடமாட்டா; அவற்றைச் சுமக்கும் நெஞ்சம் தனித்து நிற்கவில்லை என்னும் உறுதி பிறக்கும். அவ்வுறுதியே சாந்தி. அதற்காக நாளை வரை காத்திருத்தல் வேண்டா. கையிலுள்ள வேலையிலேயே தொடங்கலாம்.