பசையெடுப்பானும் பட்ட மரமும்

மரமேறும் பறவை என்றவுடன் மரங்கொத்தியே யாவருக்கும் நினைவில் தோன்றும். மரங்கொத்தி தன் விறைத்த வாலை மரத்தில் முட்டுக்கொடுத்து மேல்நோக்கி ஏறும். தலைகீழாகவே அடிமரத்தில் இறங்கி இரை தேடவல்ல பறவை வேறொன்று உண்டு. அதுவே பசையெடுப்பான்.

நீலகிரி, ஆனைமலை, பழனிமலைக் காடுகளிலும், நிழல்மரங்கள் அடர்ந்த காப்பித் தோட்டங்களிலும் காணப்படும் இனத்திற்கு நெற்றி கரும்பட்டுப் போன்றிருக்கும். நீளம் சுமார் 5 அங்குலம். முதுகு ஊதா கலந்த நீலம், அலகு பவளச் சிவப்பு, கண் மஞ்சள். ஆண் பறவைக்குக் கண்ணின் மேலிருந்து பின்னோக்கி ஒரு கரிய கோடு செல்லும், பெண்ணுக்கு அஃதில்லை.

இதன் வால் குட்டையானது, ஏறுவதற்கு உதவாது. கால்களே ஆதாரம். ஒரு காலை உயரத்தில் பற்றித் தொங்கி, மற்றொன்றைத் தாழ ஊன்றிக்கொள்ளும். ஆகையால் மேலும் கீழும், கிளையின் அடிப்புறத்திலும் தங்குதடையின்றி ஓடும். கீழிருந்து ஏறும் பறவையின் பார்வைக்குத் தப்பிய பூச்சிகள், மேலிருந்து இறங்கும் இதற்கு அகப்படும்.

பட்டை இடுக்குகளிலுள்ள பூச்சிகளும் சிலந்திகளுமே இதன் இரை. பிற சிறு பறவைகளுடன் கூட்டமாய்ச் சேர்ந்து மரத்திற்கு மரம் சென்று இரை தேடும். எனினும் இப்பறவை ஒன்றினாலேயே தோட்டத்துப் பூச்சிகள் யாவும் ஒழிந்துவிடும் என்று கருதுதல் கூடாது. மரத்தினுள் ஆழத் துளைத்த புழுவை இது எடுக்க இயலாது. அது மரங்கொத்தியின் வேலை.

இவ்விரண்டிற்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. பசையெடுப்பானின் மெல்லிய அலகு வைரமுள்ள மரத்தில் புதுப்பொந்து குடையும் வலிமையற்றது. மரத்தில் இயற்கையாக உண்டான பொந்தையோ, மரங்கொத்தி குடைந்து விட்டுச் சென்ற பொந்தையோ நாடி, பாசி, மயிர், இறகு முதலியவற்றைப் பரப்பி முட்டையிடும். முட்டைகள் வெண்மையாய்ச் செம்புள்ளிகளுடன் இருக்கும்.

தோட்டத்தைத் துப்புரவு செய்யும்போது பட்ட மரமே முதலில் கோடரிக்கு இரையாகிறது. விறகாக அதன் பயன் சில நாட்களுக்கே. அதிலுள்ள பொந்தோ உண்டாவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். பொந்து போனால், இரை எவ்வளவு இருந்தும் இப்பறவை அங்கே குஞ்சு பொரிப்பதற்கில்லை. ஆதலால் பாதையோரத்திலும் வீட்டருகிலும் விழக்கூடிய மரங்களை வெட்டுவதே முறை. எவருக்கும் அபாயமின்றி ஒதுங்கி நிற்கும் பட்ட மரத்தையும் பொந்துள்ள முதுமரத்தையும் அங்கத்தினர்கள் தத்தம் தோட்டங்களில் விட்டுவைப்பார்களாக. அதற்குச் செலவு யாதுமில்லை.