அரிசிப் பெட்டி இல்லாத ஜோசோன்

கொச்சியில் வைட்டிலா ஹப்பிலிருந்து காக்கநாடு போகும் வாட்டர் மெட்ரோ படகில் காயலை வேடிக்கை பார்ப்பவர்களைவிடப் போனைப் பார்ப்பவர்களே அதிகம். நான் பார்ப்பது பெரும்பாலும் கொரிய அரண்மனைக் காதல். ஒருநாள் பக்கத்து இருக்கைப் பெண் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது சரிக்கும் நடந்நதாணோ, சேச்சி?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அது முழுப் பதில் இல்லை.

கொரியாவில் சரித்திரத் தொடருக்கு 'சாகுக்' என்று பெயர். அதில் ஒரு வகை, ஏடுகளை ஒட்டி நடப்பது. 1996ல் தொடங்கிய 'டியர்ஸ் ஆஃப் த டிராகன்' 159 எபிசோடு ஓடியது. வாரிசுச் சண்டை, சதி, நாடு கடத்தல் என்று நீளும். யார் சாகப்போகிறார் என்பது கொரியப் பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். இன்னொரு வகை 'ஃப்யூஷன் சாகுக்'. உடையும் ஓட்டு வீடும் ஜோசோன் அரசர் காலத்தவை, பேச்சும் காதலும் நம் காலத்தவை. பதினாறோ இருபதோ எபிசோடில் முடிந்துவிடும். என் கட்சி இதுதான்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒரே குடும்பத்தை வைத்துச் சொல்லிவிடலாம். 1762 கோடையில் யோங்ஜோ மன்னர் தன் மகன் சாதோவை அரிசி கொட்டிவைக்கும் மரப்பெட்டிக்குள் அடைக்கச் சொன்னார். எட்டு நாளில் இளவரசரின் உயிர் போனது. 2015ல் வந்த 'த த்ரோன்' படத்தில் சாதோவாக நடித்தவர் யூ ஆ-இன். நல்ல படம், இரண்டாம் முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்தச் சாதோவின் மகன் ஜோங்ஜோ 1776ல் அரியணை ஏறினார். அவர் காலத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் கதைதான் 2010ல் வந்த 'சுங்க்யுன்க்வான் ஸ்கேண்டல்'. பெண்களுக்கு இடமே இல்லாத அரசக் கல்விச்சாலையில் ஒரு பெண் தம்பியின் பேரில் ஆண் வேடமிட்டுச் சேர்கிறாள். அங்கே தலை கலைந்த முரட்டு மாணவனாக வருபவர் அதே யூ ஆ-இன்! ஐந்து வருடம் கழித்துப் பெட்டிக்குள் போகப்போகிறவர் இங்கே மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் வேடத்தை யாரும் கண்டுபிடிப்பதில்லையா என்று கேட்காதீர்கள். கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்ட எம்.ஜி.ஆரை அடையாளம் தெரியாமல் விழித்த வில்லன்களை ஏற்றுக்கொண்டவர்கள் நாம்.

இந்தத் தொடர்களின் சுகம் எங்கிருந்து வருகிறது? இக்காலக் காதல் கதையில் காதலர்களைப் பிரித்துவைக்க எழுத்தாளர் படாத பாடு படவேண்டும்; இருவர் கையிலும் போன் இருக்கிறது. ஜோசோனில் தடை தயாராக இருக்கிறது. பிறப்பு, பதவி, அரண்மனை முறைமை எல்லாம் குறுக்கே நிற்கும். அதனால் மழைக்கு ஒரே தாழ்வாரத்தில் ஒதுங்கினாலே ஒரு எபிசோடு நிறைந்துவிடும். தொடர் பாதியைத் தாண்டும்வரை கை பிடிப்பதே பெரிய சம்பவம். தடையை நிஜ வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, அதன் தண்டனையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஏமாற்றுதான். எனக்குப் பிடித்த ஏமாற்று.

சில சமயம் சாவையும் விட்டுவிடுகிறார்கள். ஜோங்ஜோவின் பேரனான இளவரசர் ஹியோம்யோங் 1830ல், இருபதைத் தாண்டியதும் தாண்டாததுமாக இறந்துபோனார்; அரசராகவே இல்லை. 2016ல் வந்த 'லவ் இன் த மூன்லைட்' அவரைப் பிழைக்கவைத்து முடிசூட்டி, காதலியோடும் சேர்த்துவைக்கிறது.

ஆனால் இந்த விளையாட்டுக்கு எல்லை உண்டு. ஜோசோன் அரசர்களின் ஆட்சிக்கால வரலாற்று ஏட்டை யுனெஸ்கோ 1997ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1404ல் குதிரையிலிருந்து விழுந்த தேஜோங் மன்னர், "வரலாறு எழுதுபவனுக்குத் தெரியக்கூடாது" என்றாராம். அவர் அப்படிச் சொன்னதும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. இந்த ஏட்டை வம்புப் பத்திரிகை என்று கேலி செய்த வசனம் 2020ல் 'மிஸ்டர் குயின்' தொடரில் வர, எதிர்ப்பு கிளம்பியது. தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அரச உறவினராகக் காட்டப்பட்ட குலத்தின் இன்றைய வாரிசுகள் கோபித்ததில் குலப்பெயரும் மாறியது. 2021 மார்ச்சில் 'ஜோசோன் எக்ஸார்சிஸ்ட்' இன்னும் மோசமாக அடிபட்டது. விருந்து மேசையில் சீனப் பலகாரங்கள் இருந்தன. தேஜோங்கைக் காட்டிய விதமும் பிடிக்கவில்லை. இரண்டே எபிசோடில் தொடர் நின்றுபோனது.

இந்த வம்பே வேண்டாம் என்று பலர் ராஜாவையே கற்பனையாகப் படைத்துவிடுகிறார்கள். 2012ல் கொரியாவைக் கட்டிப்போட்ட 'மூன் எம்ப்ரேசிங் த சன்' அப்படித்தான். அதில் வரும் மன்னர் நிஜத்தில் இருந்ததே இல்லை.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் புதிதல்ல. உடையார்குடிக் கல்வெட்டு சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையாளிகளைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. அதில் நந்தினி இல்லை. கல்கி தன் நாவலுக்காக அவளை உண்டாக்கினார். எழுபது வருடமாக நாம் அவள் பக்கமா எதிர்ப்பக்கமா என்று சண்டை போடுகிறோம். கொச்சிக்காரர்களுக்கு 'உறுமி' படம் இருக்கிறது. வாஸ்கோ ட காமாவைப் பழிவாங்கக் கிளம்பும் கேளு நாயனார் கற்பனை. நிஜ வாஸ்கோ 1524ல் இந்தக் கொச்சியிலேயே நோயில் படுத்து இறந்தவர்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு யோசனை: பார்த்து முடிக்கும்வரை பாத்திரங்களின் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். 'த ரெட் ஸ்லீவ்' தொடர் சிரிப்பும் சீண்டலுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஜோங்ஜோ காதலித்த அந்தப் பணிப்பெண் யார் என்று படகிலேயே தேடினேன். 1786ல் முதலில் மகன் இறந்தான், அதே ஆண்டில் வயிற்றுப் பிள்ளையோடு அவளும். காக்கநாடு வரை மீதி எபிசோடைத் திறக்கவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு 'லவ் இன் த மூன்லைட்' என்று எழுதிக் கொடுத்தேன். இளவரசரின் பெயரைச் சொல்லவில்லை.