புகைபோக்கியும் செம்புத் துகளும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பனியன் துணிக்கு நிறம் ஏற்றும்போது, சாயத்தோடு சோடா ஆஷும் சேர்ப்பார்கள். அந்தக் காரம் இருந்தால்தான் ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையைப் பற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் சலவையில் ஓடிவிடும். அந்த வெள்ளைத் தூளைப் புகையிலிருந்தே எடுக்கலாம் என்று 2016-ல் தூத்துக்குடி அல்காலி கெமிக்கல்ஸ் ஆலை செய்து காட்டியது. தன் நிலக்கரிக் கொதிகலன் விடும் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அதை சோடா ஆஷ் தயாரிப்பில் பயன்படுத்தியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் அளவுக்கு அமைக்கப்பட்ட ஏற்பாடு அது.

இது இறக்கத்தில் போகும் வேலை. எரிந்து ஓய்ந்துவிட்ட கார்பன்தான் கரியமில வாயு. அது கார்பனேட் உப்பாவது இன்னும் ஒரு படி கீழே இறங்குவது. அதையே எரிபொருளாக்க வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். எரிந்தபோது வெளியேறிய ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஏறத் தெரிந்த உலோகம் செம்பு. 1980-களில் ஜப்பானிய வேதியியலாளர் யோஷியோ ஹோரி, செம்பு மின்முனையில் கரியமில வாயுவை மீத்தேனாகவும் எத்திலீனாகவும் மாற்றிக் காட்டினார். தங்கமும் வெள்ளியும் பாதி வழியில், கார்பன் மோனாக்சைடாகவே விட்டுவிடுகின்றன. பிளாட்டினமோ பிடித்ததை விடுவதில்லை. செம்பின் பிடி அளவானது. பக்கத்தில் இன்னொரு கார்பன் வந்து இணையும்வரை வைத்திருந்து, இணைந்ததும் அனுப்பிவிடுகிறது. நம் வீட்டுச் சொம்பின் உலோகத்துக்கு இந்தப் பக்குவம் வாய்த்திருப்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

வினை நடப்பது மேற்பரப்பில்தான். ஒரு கன சென்டிமீட்டர் செம்புக்கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 600 சதுர மீட்டர்: ஏறக்குறைய 15 சென்ட் நிலம், ஒன்பது கிராம் உலோகத்தில்! துகளின் வடிவத்தைப் பொறுத்து விளைபொருளும் மாறுகிறது. அணுக்கள் சதுரமாக அடுக்கிய முகத்தில் எத்திலீன் அதிகம். முக்கோணமாக நெருங்கி அடுக்கிய முகத்தில் மீத்தேன். எத்திலீனிலிருந்து கிளைகால், கிளைகாலிலிருந்து பாலியஸ்டர் நூல். விளையாட்டு உடைகளுக்காகச் செயற்கை இழையின் பக்கமும் திரும்பிக்கொண்டிருக்கும் திருப்பூர் கவனிக்க வேண்டிய வரிசை இது.

பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் செபாஸ்டியன் பீட்டரின் குழு, கரியமில வாயுவை மெத்தனால் எரிபொருளாக்கும் வினையூக்கிகளை உருவாக்கியது. அங்கிருந்து பிறந்த ‘பிரீத்’ நிறுவனம் 2018-ல் கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டியது.

ஆனால் கணக்கு கடுமையானது. ஒரு டன் மெத்தனாலுக்கு 1.4 டன் கரியமில வாயு வேண்டும். பாய்லர் புகைக்குப் பஞ்சமில்லை. கூடவே சுமார் 190 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து அதை எடுக்க 9,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். நிலக்கரி மின்சாரமானால், பிடித்த வாயுவைவிடப் பல மடங்கு வெளியேறிவிடும். பல்லடம், உடுமலைப் பக்கம் பின்னலாடை, நூற்பாலை முதலாளிகள் நிறுத்தியிருக்கும் காற்றாலைகள் இங்கேதான் கணக்கில் வருகின்றன. ஆடியில் சுழன்றடிக்கும் காற்று ஐப்பசியில் ஓய்ந்துவிடும். செம்பு மின்முனைக்கும் சிக்கல் உண்டு: மின்சாரம் பாயப் பாயச் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கின்றன, சதுர முகம் மழுங்குகிறது. புகையில் கந்தகம் கொஞ்சம் கலந்தாலும் சோர்ந்துவிடுகின்றன. இத்தனையையும் தாங்கி, ஒரு காற்றுப் பருவம் முழுக்க உழைக்கும் துகள்தான் இப்போது வேண்டியது.