பந்தலுக்கு மேலே பால்வீதி

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், லா செரேனா என்னும் கடற்கரை நகரிலிருந்து கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடரை நோக்கி ஏறிச் செல்லும் எல்கி பள்ளத்தாக்கு, ஆற்றோரத்தில் திராட்சைப் பந்தல்களையும் அவற்றுக்கு மேலே மொட்டை மலைகளின் உச்சியில் வானாய்வு நிலையங்களின் வெண்ணிறக் கூடுகளையும் கொண்டது. இங்குக் குடும்பமாக நடத்தப்படும் சிறிய ஒயின் ஆலைகளும், ஒயினை வாலையிலிட்டு, அதாவது செப்பு வடிகலத்தில் காய்ச்சி வடித்துப் பிஸ்கோ என்னும் மதுவாக்கும் ஆலைகளும் உள்ளன. அவற்றுள் சில, பருவத்துக்கேற்ற விழாக்களோடு, பொழுது சாய்ந்தபின் முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தி விருந்தினருக்கு வானத்தையும் காட்டுகின்றன. சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் உத்தி என்று இதனைச் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆயினும் திராட்சைக்கும் விண்மீனுக்கும் இப்பள்ளத்தாக்கில் உள்ள உறவு வணிகத்தைவிட மிகப் பழையது, ஏனெனில் இரண்டும் இங்குச் சிறப்பதற்குக் காற்றின் வறட்சியே காரணம்.

அவ்வறட்சி பல திசைகளிலிருந்தும் வந்து சேர்கிறது. அண்டார்க்டிகப் பகுதியிலிருந்து சிலியின் கரையோரமாக வடக்கு நோக்கி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் கடற்பரப்பைக் குளிர்வித்து வைத்திருப்பதால், கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தனக்கு மேலுள்ள வெப்பமான காற்றடுக்கின் கீழ் மூடியிட்ட பானைக்குள் அடைபட்டது போலத் தங்கிவிடுகிறது; அதிலுள்ள ஈரம் கடலோர மூடுபனியாகத் திரள்கிறதேயன்றி மலைமுகடுகளை எட்டுவதில்லை. கிழக்கே அமேசான் பக்கத்து ஈரத்தை ஆண்டிஸ் தடுத்துவிடுகிறது. இவற்றோடு பசிபிக் பெருங்கடலின் மேல் நிலைத்திருக்கும் உயரழுத்தமும் சேர்ந்துகொள்வதால், பள்ளத்தாக்கின் முதன்மை ஊரான விக்குன்யாவில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரை ஒட்டியே அமைகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவத்தின் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடக்கூடிய அளவு அது.

காற்றிலுள்ள நீராவி, கண்ணுக்குத் தெரியாத போர்வை போன்றது. பகலில் சூடேறிய நிலம் இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியேற்றும்போது, நீராவி அதில் ஒரு பகுதியை உறிஞ்சி மீண்டும் தரைக்கே அனுப்புகிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் கோடை இரவு புழுங்குவது இதனாலும்தான். எல்கியில் போர்வை மெல்லியதாகையால் வெப்பம் தடையின்றி விண்வெளிக்குச் சென்றுவிட, கோடைப் பகலில் 30 பாகை செல்சியசை நெருங்கும் வெப்பநிலை விடிவதற்குள் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவது வழக்கம். நிலத்தின் வெப்பத்தை வெளியே விடும் அந்தத் தெளிவுதான் விண்ணிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியையும் உள்ளே விடுகிறது. இப்பள்ளத்தாக்கை அடுத்து ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரமுள்ள செர்ரோ பச்சோன் மலையில், அவ்வொளியையும் ஆராய்வதற்கென வடிவமைக்கப்பட்ட 8.1 மீட்டர் விட்டமுடைய ஜெமினி தெற்குத் தொலைநோக்கி நிறுவப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

திராட்சைக்கு இதனால் வரும் நன்மை சுவையில் தெரியும். பகல் வெயிலில் ஒளிச்சேர்க்கையால் இலைகள் ஆக்கும் சர்க்கரை குலைகளில் சேர்கிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றாலும் பழம் சுவாசிப்பது நிற்பதில்லை, அதற்கு அது முதன்மையாகச் செலவிடுவது புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தை. இரவு வெப்பமாயிருந்தால் அமிலம் விரைவில் தீர்ந்து பழம் வெறும் இனிப்பாகச் சப்பிட்டுப்போகும். குளிர்ந்தால் சுவாசம் தணிந்து, இனிப்பும் புளிப்பும் ஒருங்கே தங்கும். ஈரமில்லாக் காற்றில் பூஞ்சை நோய்களும் குறைவு.

பிஸ்கோவுக்கு இங்கு வளர்க்கப்படும் முதன்மைத் திராட்சைகளுள் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. அலெக்சாந்திரியா மஸ்கட்டை மற்றொரு வகையுடன் கலந்ததில் பிறந்த நேர்ச் சந்ததி அது. இரண்டு பள்ளத்தாக்குகளிலும் கொடியைத் தலைக்கு மேலே பந்தலிட்டுப் படரவிடும் வழக்கமும் ஒன்றே. ஆனால் குளிர்காலம் என்று சொல்லத்தக்கது இல்லாத கம்பத்தில், கவாத்துச் செய்யும் நாளைப் பொறுத்து ஆண்டின் எல்லாக் காலத்திலும் அறுவடை நடக்க, எல்கியிலோ கொடி குளிரில் இலையுதிர்த்து உறங்கி ஆண்டுக்கு ஒருமுறையே காய்க்கிறது. ஆலைகளின் விழா நாள்காட்டி கொடியின் இந்த உறக்கத்தையும் விழிப்பையும் சார்ந்திருப்பதால், விருந்தினர் காணும் வானமும் அதற்கேற்ப மாறுகிறது.

தென்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடைபெறுகிறது. வெந்திமியா எனப்படும் அறுவடை விழாவில் திராட்சையைக் காலால் மிதிப்பது இன்றும் வேடிக்கைக்காகத் தொடர்கிறது. அம்மாலைகளில், சென்னையில் தென் அடிவானத்திலிருந்து 24 பாகை உயரமே எட்டும் அகத்திய விண்மீன், இங்கு ஏறத்தாழ 67 பாகை உயரத்தில் சுடர்விடுகிறது. அதற்குத் தெற்கே, கிழிந்த பஞ்சுத் துணுக்குப் போல வெறுங்கண்ணுக்கே தெரிவது பெரிய மகெல்லன் மேகம் என்னும் அண்டை விண்மீன் மண்டலம். கன்னியாகுமரியிலிருந்து பார்த்தாலும் 12 பாகைக்கு மேல் ஏறாத அது, எல்கியில் ஆண்டு முழுவதும் மறைவதே இல்லை. 1987 பிப்ரவரி 24 அன்று, எல்கிக்கு வடக்கேயுள்ள லாஸ் காம்பானாஸ் வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த கனடியரான இயான் ஷெல்டன், இம்மேகத்தின் ஒளிப்படத்தில் முன்பு இல்லாத ஒரு விண்மீன் இருக்கக் கண்டு, வெளியே வந்து வெறுங்கண்ணாலேயே அதனை உறுதிசெய்துகொண்டார். ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெடித்துச் சிதறிய அவ்விண்மீனின் ஒளி புவியை வந்தடைந்தது, பள்ளத்தாக்கில் திராட்சை பறிக்கும் பருவத்தில்.

வானத்தை முதன்மையாகக் கருதுவோர் குளிர்காலத்தில் செல்வதே நன்று. பால்வீதியின் மையம் வானநடுக்கோட்டுக்குத் தெற்கே 29 பாகையில் அமைந்திருக்க, விக்குன்யாவின் அகலாங்கும் தெற்கே 30 பாகையாக இருப்பதால், ஜூன் இறுதியில் நள்ளிரவில் அம்மையம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. கீழே கொடிகள் இலையின்றிக் கவாத்துக்குக் காத்திருப்பதால் பந்தலின் கம்பிகளுக்கு ஊடாகவே அதனைக் காணலாம்.

வான்நோக்கு மாலைகளை நிலவற்ற நாள்களையொட்டி அமைப்பதே முறை. கண் இருளுக்குப் பழகவும் நேரம் வேண்டும்: விழித்திரையிலுள்ள ரோடாப்சின் என்னும் நிறமி வெளிச்சத்தில் சிதைந்தால், இருளில் மீண்டும் உருவாக 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும். கைப்பேசித் திரையை ஒரே ஒருமுறை பார்த்தாலும் அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதி வீணாகிவிடும். இந்நிறமி சிவப்பொளியால் அவ்வளவாகச் சிதைவதில்லை என்பதால், பாதையோரங்களில் மங்கிய சிவப்பு விளக்குகளை வைப்பது வழக்கம். குளிருக்குக் கோப்பை உதவும் என்னும் எண்ணம் மட்டும் பிழையானது: மது தோலடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் உடல் சூடானதாகத் தோன்றும்போதே வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும், கம்பளிதான் துணை.

இருளைக் காப்பதற்கு 1998-ல் சிலி அரசு வடபகுதியின் மூன்று மாநிலங்களில் வெளிவிளக்குகளைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. 2015-ல் செர்ரோ பச்சோன் மலையை உள்ளடக்கிய நிலப்பகுதி, விக்குன்யாவில் பிறந்து 1945-ல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் கப்ரியேலா மிஸ்திராலின் பெயரால் உலகின் முதல் இருள்வானச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விளக்கை ஆணையால் தணிக்கலாம். நீருக்கு அவ்வாறு வழியில்லை. எல்கியின் கொடிகள் மழையை நம்பி வாழ்வன அல்ல, ஆண்டிசில் பெய்த பனி உருகி ஓடிவரும் ஆற்றை நம்பி வாழ்வன. 2010 முதல் நடுச் சிலியையும் இப்பகுதியையும் வாட்டிய நெடுவறட்சியில் அந்தப் பனியே குறைந்துபோனது. ஆகவே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து மேகம் திரண்டு வந்தால், மலையுச்சியில் தொலைநோக்கிகளின் கூடுகள் மூடப்படுகின்றன, கீழே ஆலையின் வான்நோக்கு மாலையும் நிறுத்தப்பட்டு விருந்தினருக்குப் பணம் திருப்பித் தரப்படுகிறது; அந்த இழப்பைக் குறித்து ஆலைக் குடும்பத்தில் எவரும் வருந்துவதில்லை.