ஐந்து லட்சம் காப்பீடு சரி, எந்த அறையில் படுத்தீர்கள்?

மார்ச் 31 நெருங்குகிறது. பழைய வருமான வரி முறையில் 80டி கழிவு கேட்பவர்கள் அதற்குள் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைக் கட்டியாக வேண்டும். ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. வாசகர் கடிதங்களிலோ வேறொரு குழப்பம்: 'ஜிஎஸ்டியே போய்விட்டது, இனி என்ன கவலை?'

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை என்பது உண்மைதான். அலுவலகம் எடுத்துத் தரும் குழு பாலிசிக்கு இது பொருந்தாது. 'எல்லோருக்கும் காப்பீடு' என்று அரசு சொல்வதற்கு, எல்லோர் கையிலும் பாலிசி இருக்கும் என்பதே பொருள். பில்லில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்த முழக்கம் சொல்லாது.

அதைச் சொல்வது, பாலிசியின் உள்பக்கத்தில் இருக்கும் அறை வாடகை வரம்பு. காப்பீட்டுத் தொகையில் நாளுக்கு 1 சதவீதம் என்று பல பாலிசிகளில் இருக்கும். ஐந்து லட்சத்துக்கு 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்கினால் கூடுதலாகும் 20,000 ரூபாய்தான் நம் தலையில் விழும் என்று நினைப்போம். இல்லை. வாடகையில் பாதிதான் தகுதி என்றால், அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர் கட்டணங்களிலும் பாதிதான் தருவார்கள். அவை 1,50,000 என்றால் அதில் 75,000 போச்சு. மொத்தம் 95,000 நம் கையிலிருந்து. விலை உயர்ந்த அறைக்கு எல்லாக் கட்டணத்தையும் ஆஸ்பத்திரி உயர்த்துகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, மலிவான அறை காலியில்லை என்று ஆஸ்பத்திரி கைவிரித்தால் அதற்கும் நோயாளிதான் பொறுப்பு.

மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள், ஐசியு கட்டணம் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அறைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரிகளிலும் கூடாது. பில்லைப் பிரித்துக் கேளுங்கள்.

மற்ற கேள்விகள்:

ஏற்கெனவே உள்ள நோய்க்கு? அதிகபட்சம் மூன்றாண்டுக் காத்திருப்பு.

70 வயதான பெற்றோருக்கு? வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டை உண்டு. தனியார் பாலிசி இருந்தாலும் தடையில்லை.

கேஷ்லெஸ் டிஸ்சார்ஜ் தாமதமானால்? இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரமே கெடு.

கிளைம் மறுத்தால்? முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், கட்டணம் இல்லை.