உங்களுக்குத் தெரியுமா? ஃபேரர் பார்க்கில் நடக்கிறவர்களுக்கு…

● ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்குப் போக, சிராங்கூன் சாலையில் இறங்கவே வேண்டாம். நிலத்தடிப் பாதை நேராகக் கடைத்தொகுதிக்குள் கொண்டுபோய் விடும். மழை நாளில் குடையும் மிச்சம்.

● சாலையைக் கடப்பதற்கான இடம் 50 மீட்டருக்குள் இருக்கும்போது குறுக்கே நுழைந்து ஓடுவது சிங்கப்பூரில் குற்றம். நீதிமன்றம் வரை போனால், முதல் தடவையே 1,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

● கடக்கும் விளக்கில் பச்சை மனிதன் மின்னத் தொடங்கினால், அது ஏற்கெனவே பாதி வழியில் இருப்பவர்களுக்கான நேரம். பக்கத்தில் ஓடும் எண் 9 என்று காட்டினாலும் புதிதாகக் காலை வைக்காதீர்கள்.

● பச்சை மனிதன் நிலையாக எரியும்போதுகூட, அதே முனையில் திரும்பும் வண்டிகளுக்கும் பச்சை விளக்கு இருக்கலாம். வழிவிட வேண்டியது ஓட்டுநர்தான். ஆனால் அவர் உங்களைப் பார்த்தாரா? தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

● அம்மா, தாத்தா மெதுவாக நடக்கிறார்களா? 2009இல் அறிமுகமான ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதி உள்ள சந்திப்பில், பொத்தானுக்கு மேலிருக்கும் கருவியில் முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால் போதும். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.

● மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் ஒரே விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். வேகத்தை 40ஆகக் குறைத்தால் மோதலின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறையும். முதியோர் அதிகம் வாழும் இடங்களில் ‘சில்வர் ஸோன்’ அமைத்து வேக வரம்பை 40, 30 என்று இறக்கியிருப்பது இதற்காகத்தான்.

● நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்ட 2019 நவம்பர் 5 முதல் தடை. சைக்கிள் வரலாம், ஆனால் 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. கைப்பேசியில் தலை கவிழ்ந்து நடந்தால் உங்களுக்கும் சைக்கிளோட்டிக்கும் அடிபடும்.

● கடைவீட்டு முகப்பில் நாம் நடக்கும் அஞ்சடிக்கு வயது 200. வீதியின் இருபுறமும் தொடர்ச்சியாகக் கூரைவேய்ந்த நடைவழி விட வேண்டும் என்று 1822இலேயே ராஃபிள்ஸ் உத்தரவிட்டார். அதை அடைத்துக்கொண்டிருந்த கடைச்சாமான்களை நகராட்சி அகற்றப் போனபோது 1888இல் கலவரமே மூண்டது. இன்றும் கூடையும் பெட்டியும் வழியை மறித்தால் பலர் சட்டென்று சாலையில் இறங்குகிறார்கள். இறங்கும் முன் வலப்பக்கம் பாருங்கள்.

● 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ்கோர்ஸ் சாலை, ஹேம்ப்ஷயர் சாலைச் சந்திப்பில் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழக ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதையொட்டிக் கலவரம் வெடித்தது உலகுக்கே தெரியும். நகர்ந்துகொண்டிருந்த பேருந்தை ஒட்டி நடந்தவர் தடுமாறி விழுந்தார் என்பது பலர் கவனிக்காத விவரம். பெரிய வண்டியின் பக்கவாட்டில் ஓட்டுநர் கண்ணுக்கு எட்டாத இடம் நிறைய உண்டு. பேருந்து கிளம்பிவிட்டால் தட்டவோ தொடரவோ வேண்டாம். ஓரமாக விலகி நில்லுங்கள்.

● தைப்பூசக் காவடிகள் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைக்குப் புறப்படும்போது சாலையின் ஒரு பகுதி பக்தர்களுக்கு ஒதுக்கப்படும். மறுபகுதியில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். படம் எடுக்கத் தடுப்பைத் தாண்டாதீர்கள்.

● யாருக்காவது அடிபட்டால் ஆம்புலன்சுக்கு 995. சந்திப்பின் பெயரை முதலில் சொல்லுங்கள்.