ஓநாய் ஏன் ஊருக்குள் வந்தது?

"மாமா, இன்னைக்கும் மூணு பேரை ஓநாய் கடிச்சுடுச்சு!"

என் அக்கா மகனின் குரலில் நிஜமான வருத்தம். அவன் விளையாடுவது 'ஃபார்தஸ்ட் ஃப்ரான்டியர்'. 2022-இல் முதலில் வெளிவந்த கணினி விளையாட்டு. ஒரு சிறு கூட்டத்தோடு காட்டோரத்தில் இறங்க வேண்டும். மரம் வெட்டி, குடிசை போட்டு, வயல் திருத்தி, அந்தக் கால ஐரோப்பிய ஊர் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்ப வேண்டும். சுற்றியுள்ள காட்டில் ஓநாய், கரடி, காட்டுப்பன்றி எல்லாம் உண்டு. காட்டுப் பழம் பறிக்கப் போகிறவர்கள்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

திரையைப் பார்த்தேன். பழப் புதர்களை ஒட்டியே ஓநாய்களின் வளை இருந்தது. "இங்க ஏன்டா ஆளை அனுப்பினே?" என்றேன். "பழம் இங்கதானே மாமா இருக்கு!" என்றான். அவன் சொன்னதும் சரிதான். ஆனால் ஓநாயின் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறதே, அதையும் கேளுங்கள்.

ஓநாய்க் கூட்டம் என்றால் ரவுடிக் கும்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, போன வருடத்துப் பிள்ளைகள், இந்த வருடத்துக் குட்டிகள். குட்டிகள் பிறக்கும்போது அவற்றுக்குக் கண் திறந்திருக்காது. அம்மா வளையிலேயே இருந்து பாலூட்டும். மற்றவை இரை தேடிக் கொண்டுவந்து அதற்கும் கொடுக்கும். மனித வாடை பட்டால் பெரும்பாலும் அவை ஒதுங்கித்தான் போகும். விளையாட்டில் வருவதுபோல ஆளைக் கண்டதும் பாய்வது ஓநாயின் இயல்பே இல்லை. அப்படியானால் ஓநாய் மனிதரைத் தாக்கியதே கிடையாதா? தாக்கியிருக்கிறது. எப்போது என்பதுதான் கேள்வி.

பிரான்சின் தலைநகரான பாரிசுக்குப் போவோம். வருடம் 1439. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நூறாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சுற்றுவட்டாரக் கிராமங்கள் காலியாகிவிட்டன. உழாத வயல்களில் புதர் மண்டிவிட்டது. ஆடு மாடுகள் குறைந்துபோயின. ஓநாயை விரட்டவும் ஆள் இல்லை. அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் நகரின் ஓரத்திலேயே ஓநாய்கள் மனிதர்களைக் கொன்றன. பாரிஸ்வாசி ஒருவர், தம் பெயரைச் சொல்லாமலே, இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கூட்டத்தில் ஒன்றுக்கு வால் குட்டை. அதற்கு 'கூர்த்தோ', அதாவது குட்டைவாலன் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். நவம்பரில் அது பிடிபட்டபோது அதன் உடலைத் தள்ளுவண்டியில் வைத்து ஊர் முழுக்கக் காட்டினார்களாம். வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்களாம். எனக்கு அந்த ஓநாய் மேலும் இரக்கம் உண்டு. போரைத் தொடங்கியது அது இல்லையே.

இன்னொரு சமயம், ஓநாய்க்கு ரேபிஸ் என்னும் வெறிநோய் வந்தால். இந்த நோயின் வைரஸ் மூளையைத் தாக்கும். பயம் போய்விடும், எதிரே வருவதையெல்லாம் கடிக்கும். 1886-இல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியில் வெறிபிடித்த ஓநாய் கடித்த 19 பேர், அவ்வளவு தொலைவு பயணம் செய்து பாரிசில் இருந்த விஞ்ஞானி லூயி பாஸ்டரிடம் வந்தார்கள். அவருடைய வெறிநோய்த் தடுப்பூசி அப்போது ஒரு வயதுகூட நிரம்பாதது. 16 பேர் பிழைத்தார்கள். நம் குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். வெறிநோய்க்குத் தடுப்பு மருந்து செய்யவே அது உருவானது. உங்களை நாயோ குரங்கோ கடித்தால் வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

"அப்ப எல்லா ஓநாயையும் கொன்னுட்டா?" என்றான் மருமகன்.

இங்கிலாந்தில் அதைத்தான் செய்தார்கள். கம்பளி வியாபாரம் கொழித்த நாடு அது. ஆடுதான் அங்கே செல்வம். 1281-இல் முதலாம் எட்வர்டு மன்னர், பீட்டர் கார்பெட் என்பவரிடம் மேற்குப் பக்கத்து மாவட்டங்களில் ஓநாய்களை ஒழிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். 15-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த நாட்டில் ஓநாய் அநேகமாக இல்லாமலே போனது. ஓநாய் இல்லாவிட்டால் மானைக் கட்டுப்படுத்துவது யார்? அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களைத் தீர்த்துக்கட்டினார்கள். பெரிய மான்கள் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்துவிட, பல மரங்கள் தலையெடுக்க முடியாமல் தவித்தன. 1995-இல் கனடாவிலிருந்து 14 ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இந்த விளையாட்டிலும் மான் வந்து வயலை மேயும், கவனித்திருக்கிறீர்களா?

கொல்லாமலே தடுக்க ஒரு பழைய வழி உண்டு. போலந்திலும் ரஷ்யாவிலும் வேட்டைக்காரர்கள் நீளக் கயிற்றில் சிவப்புத் துணித் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். காற்றில் துணி படபடக்கும். ஓநாய் கயிற்றைத் தாண்டத் தயங்கி நிற்கும். நாய் இனத்துக்குச் சிவப்பு நம்மைப் போலத் தெரியாது. ஓநாயை நிறுத்துவது நிறமில்லை, பழக்கமில்லாத அந்த அசைவுதான். அன்று ஓநாயை மடக்க உதவிய கயிறு இன்று மாட்டுப் பட்டிகளைக் காக்கிறது. ஆனால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஓநாய்க்குப் பழகிவிடும். அதற்குள் கன்று ஈனும் காலம் கடந்துவிட்டால் போதும்.

கரடி ஊருக்குள் வரும் காரணம் இன்னும் எளிது: வயிறு. பழுப்புக் கரடி குளிர்காலம் முழுக்கச் சாப்பிடாமல் உறங்கும். அதற்கு முன்னால் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். மோப்பமோ அபாரம். தானியமும் இறைச்சியும் அடுக்கிவைத்த ஊர் அதற்கு விருந்து வீடு. விலங்குகளுக்கு எட்டாமல் இருக்கத்தான் வடக்கு ஐரோப்பாவின் சாமி மக்கள் சேமிப்பு அறையை ஒற்றை மரத்தண்டின் உச்சியில் கட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தேனீ வளர்ப்பவர்களின் தந்திரம். கிழக்கு ஐரோப்பாவில் காட்டு மரத்தின் பொந்தில் தேனீ வளர்ப்பார்கள். கரடி ஏறி வருமே! பொந்துக்கு முன்னால் கனமான ஒரு கட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். கரடி அதை ஒதுக்கித் தள்ளும். கட்டை ஊசல்போல் போய்த் திரும்பி வந்து இடிக்கும். கோபத்தில் கரடி இன்னும் வேகமாகத் தள்ளும். கட்டை அதிக உயரம் போகும். உயரம் கூடக்கூடத் திரும்பி வரும் வேகமும் கூடும். கரடி கொடுத்த ஆற்றலேதான் கரடியைத் திரும்ப அடிக்கிறது! தள்ளாமல் சும்மா இருந்தால் கட்டையும் சும்மா இருக்கும். அது கரடிக்குத் தெரியாது.

மருமகன் பழம் பறிப்பவர்களை ஆற்றின் மறுகரைப் புதர்களுக்கு மாற்றினான். அடுத்த குளிர்காலம் வரை ஓநாய் யாரையும் கடிக்கவில்லை. பிறகு, கட்டடப் பட்டியலைத் திறந்து வெகுநேரம் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடறே?"

"தொங்குற கட்டை, மாமா."